இருந்தது, இருந்ததாம்

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது லேக் மார்க்கெட்டின் பூக்கடைகள்கூடத் திறந்திருப்பதில்லை. பாட்டனார் காலத்தில் தஞ்சைப் பக்கத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து, நகரின் தெற்கே தமிழர் செறிந்த அந்தத் தெருக்களிலேயே நிலைத்துவிட்ட குடும்பம் அவருடையது. வார நாள்களில் டல்ஹௌசிச் சதுக்கத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். ஞாயிறன்று மட்டும் தோளில் ஒரு பை. அதில் எஸ்பிளனேடு மெட்ரோ கலியில் பழையதாக வாங்கிய கேமரா, இரண்டு லென்சுகள், ஒரு தண்ணீர் பாட்டில். சியால்தாவில் பொங்காவ் லோக்கலைப் பிடித்து ஹாப்ராவில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் ஜெசோர் சாலை வந்துவிடும்.

வடக்குக் கொல்கத்தாவிலிருந்து தம்தம், பாராசாத், ஹாப்ரா, பொங்காவ் வழியாகப் பெட்ராபோல் எல்லைக்குச் சென்று, அதற்கப்பால் வங்கதேசத்தின் ஜெசோர் நகரை அடைவது அச்சாலை. பாராசாத்திலிருந்து எல்லைவரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதன் இருமருங்கிலும் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. வங்காளிகள் அவற்றைச் சிரீஷ் என்கின்றனர். இருபக்கத்துக் கிளைகளும் சாலைக்கு மேலே நீண்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பசுங்கூரையாக நிற்கும். காளி போத்தார் என்றொரு ஜமீன்தார், தம் தாயார் கங்கையில் நீராடச் செல்லும் வழியெங்கும் நிழல் வேண்டுமென்று சாலை அமைத்து மரங்களை நட்டாராம். இந்த 'ஆம்' என்னும் ஒட்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது தேவைப்படும்.

நிழலைத் தவிர வேறொரு நினைவும் இச்சாலைக்கு உண்டு. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தபோது, பெருந்திரளானோர் நடந்து வந்த வழி இது. அவ்வாண்டு செப்டம்பரில் இங்கு வந்த அமெரிக்கக் கவிஞர் அலன் கின்ஸ்பெர்க், இச்சாலையின் பெயரைத் தலைப்பில் தாங்கிய நெடுங்கவிதை ஒன்றை எழுதினார். இன்று அதே மரங்களின் அடியில் எல்லை கடக்கக் காத்திருக்கும் சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

அவர் தேடிச் சென்றது வரலாற்றை அன்று. மார்கழி, தை மாதங்களின் மூடுபனியில், கிளைகளின் இடைவெளி வழியே ஒளிக்கற்றைகள் சாய்ந்து இறங்கும் அரைமணி நேரத்தையே அவர் தேடினார். தரையோடு தரையாகக் குந்தி, சாலையின் நடுக்கோடு படத்தின் ஆழத்தில் ஒரு புள்ளியாகக் குறுகும்படி சட்டகம் அமைப்பார். எந்த லென்சைப் பொருத்துவது என்பதிலேயே பாதிப் படம் முடிவாகிவிடும். 24 மில்லிமீட்டர் லென்சுடன் அருகிற் சென்று நின்றால் முன்னிருக்கும் மரம் பூதாகாரமாக நிமிர, பின்னிருப்பவை சிறுத்து விலகி ஓடும். மரங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் பெரிதாகத் தெரியும். தொலைவில் நின்று 200 மில்லிமீட்டரில் பார்த்தால் எல்லாம் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டாற்போல் இருக்கும். இடையில் நான்கு மரங்கள் வெட்டப்பட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கணினியைத் தொடுமுன்பே படம் ஒரு தரப்பை எடுத்துப் பேசத் தொடங்கிவிடுகிறது. அவர் 200 மில்லிமீட்டரையே விரும்பினார்.

வங்காளத்தில் படம் எடுப்பதைச் 'சொபி தோலா' என்பர். பூப்பறிப்பதற்கும் அதே வினைதான்: 'ஃபுல் தோலா'. தமிழில் படத்தை எடுக்கிறோம், பிடிக்கிறோம். மூன்று வினைகளுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு. பொருள் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கை நீட்டியவர் அதை எடுத்து வந்தார், அவ்வளவே. தூரிகையால் 'வரைந்தார்' என்னும்போது நமக்கு உண்டாகாத நம்பிக்கை, 'எடுத்தார்' என்னும்போது தானாகவே உண்டாகிவிடுகிறது. ஒளிப்படத்தின் அதிகாரத்தில் ஒரு பங்கு இந்த வினைச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

எடுத்து வந்ததை அவர் ஞாயிறு மாலையில் கணினிக்கு மாற்றுவார். முதலில் சாய்ந்திருக்கும் அடிவானத்தை நேராக்குவார். பிறகு வெளிச்சம், நிழல், நிறவெப்பம். பனிமூட்டத்தை ஒரு நகர்த்துகோலால் குறைக்கவும் கூட்டவும் முடியும். ஓரங்களைச் சற்றுக் கருமையாக்கினால் பார்ப்பவரின் கண் சாலையின் நடுவே தானாக இழுக்கப்படும். இதுவரை யாருக்கும் வழக்கில்லை. அடுத்து மின்கம்பிகள். மரத்தில் ஆணியடித்து மாட்டிய தனிப்பயிற்சி நிலைய விளம்பரத் தகடுகள். ஓரத்தில் குவிந்த குப்பை. ஒரு லாரியின் பின்புறம். அருகிலுள்ள பகுதியின் பிரதியை எடுத்து மறைக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் 'க்ளோன் ஸ்டாம்ப்' கருவி ஃபோட்டோஷாப்பில் நெடுங்காலமாக உண்டு. 2010இல் வந்த பதிப்பு, தேர்ந்தெடுத்த பகுதியைச் சூழலுக்கேற்பத் தானே நிரப்பவும் கற்றுக்கொண்டது. கம்பி போனது, தகடு போனது. பிறகு, வெட்டப்பட்ட மரத்தின் வெற்றிடம் பல் விழுந்த வாய்போல் உறுத்தவே, அதையும் நிரப்பினார். பக்கத்து மரத்தின் தழைக் கொத்து ஒன்று அங்கே போய் உட்கார்ந்தது.

இந்தச் செயலை இன்றைய கணினியின் குற்றமாகச் சொல்லிவிட முடியாது. இந்திய ஒளிப்படத்தின் பிறப்பிலேயே இது இருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளைப் படமெடுத்தார். வைகையின் குறுக்கே மதுரைக்குச் செல்லும் தரைப்பாலமும் அவற்றில் ஒன்று. தமிழகத்துச் சாலைக் காட்சிகளில் மிகப் பழையவற்றுள் அதைச் சேர்க்கலாம். அக்காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டுமீறி இசைந்தவை. ஆகவே வானம் வெறுமையாக வெளுத்துவிடும். பச்சை இலைகளோ கருந்திட்டாகத் தேங்கும். ட்ரைப் தம் காகித நெகட்டிவ்களின் மீது வண்ணம் தீட்டி முகில்களை வரைந்தார். இலைத் தொகுதிகளுக்கும் மெருகூட்டினார். பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே அதே பத்தாண்டில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என இரண்டை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். 2020இல் ஃபோட்டோஷாப்பில் சேர்ந்த வானத்தை மாற்றும் வசதி, அடிப்படையில் அந்தப் பழைய வேலையின் விரைவான வடிவமே.

கொல்கத்தாவுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. நாட்டிங்ஹாமில் வங்கி ஊழியராக இருந்துகொண்டே பொழுதுபோக்காகப் படமெடுத்த சாமுவேல் போர்ன், 1863இல் இந்நகரில் வந்து இறங்கினார். காஷ்மீரின் பாப்ளர் மரச்சாலையை 1864இல் அவர் எடுத்த படம், இருபுறமும் மரங்கள் நிமிர்ந்து நடுவில் வழி குறுகி மறையும் அமைப்புக்கு ஓர் இலக்கணமாகவே ஆகிவிட்டது. அவர் பெயர் தாங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிலையம் எஸ்பிளனேடு அருகே 2016வரை இயங்கியது. மெட்ரோ கலியில் கேமரா வாங்கியவர் அந்தக் கட்டடத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறார். ஞாயிறுதோறும் தாம் குந்தி எடுத்தது போர்னின் சட்டகத்தையே என்பது வெகுநாள் கழித்தே அவருக்குத் தெரிந்தது.

1856இல் தொடங்கிய வங்காள ஒளிப்படச் சங்கத்தில் அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா பொறுப்பில் இருந்தார். அவுரித் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பொதுக்கூட்டத்தில் பேசியதற்காக 1857இல் சங்கம் அவரை வெளியேற்றியது. அவர் எடுத்த படம் எதையும் அது குறை கூறவில்லை. சட்டகத்துக்கு வெளியே வயல்களில் நடந்ததை அவர் சொன்னதே அதற்குப் பொறுக்கவில்லை.

ஜெசோர் சாலையின் வயது முதிர்ந்த மரங்கள் 2017இல் வழக்குப் பொருளாயின. ரயில் கடவுகளில் ஐந்து மேம்பாலங்கள் கட்டவும் சாலையை அகலப்படுத்தவும் 356 மரங்களை வெட்டத் திட்டமிடப்பட்டது. குடியுரிமை அமைப்பு ஒன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடியது. ஹாப்ராவில் தேநீர்க் கடையில் அவருக்குப் பழக்கமான பள்ளி ஆசிரியர் ஒருவர், எந்த மரம் எங்கே நிற்கிறது, எது ஏற்கெனவே போய்விட்டது என்று நண்பர்களுடன் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தார்.

"தாதா, நீங்கள் ஆண்டுக்கணக்காக இங்கே படம் எடுக்கிறீர்கள். என்ன இருந்தது என்பதற்கு உங்கள் படங்களைவிட நல்ல சாட்சி ஏது?" என்று அவர் வங்காளத்தில் கேட்டார்.

அன்றிரவு அவர் பெருமிதத்துடன் 2014 முதல் 2016 வரையிலான படங்களைத் திரையில் விரித்தார். தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தக் கிளையும் அந்தக் கிளையும் ஒண்ணுதானே?"

"எந்தக் கிளைம்மா?"

"இதோ, நுனி முறிஞ்சு தொங்கறதே. மூணாவது மரத்துலயும் அதே முறிவு, ஆறாவது மரத்துலயும் அதே முறிவு. ஒரே மாதிரி ரெண்டு மரம் முறியாதுப்பா."

அவர் பேசவில்லை. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். அந்த ஆறாவது மரத்துக்கு அடிமரமே இல்லை. மூடுபனிக்குள் தழைகள் மட்டும் மிதந்தன.

மூலக் கோப்புகளைத் தேடியபோதுதான் உண்மையான இழப்பு தெரிந்தது. கேமரா பதிவு செய்யும் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 14 பிட்டில் 16,384 படிகள்வரை சேமிக்க முடியும்; ஜேபெக் கோப்பில் 256 படிகளே. அது மட்டுமன்றி, லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் ரா கோப்பைத் தொடுவதே இல்லை. செய்த மாற்றங்களைத் தனிக் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டு, கேட்கும்போது பொருத்திக் காட்டுகின்றன. மூலம் மூலமாகவே இருக்கும். ஆனால் அவர் வன்தட்டில் இடம் போதவில்லையென்று மூன்றாண்டு ரா கோப்புகளையும் அழித்திருந்தார். எஞ்சியவை முகில் வைத்து, கம்பி நீக்கி, தழை ஒட்டிய ஜேபெக்குகள்.

முப்பது ஆண்டுகளாகப் பேரேட்டில் எழுதி வந்தவர் அவர். ஓர் எண் தவறினால் அதைச் சுரண்டக் கூடாது. படிக்கும்படி ஒரு கோடு இழுத்து அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும். சுரண்டிய பேரேட்டைத் தணிக்கையாளர் தொடமாட்டார். அலுவலகத்தில் ஒரு நாளும் செய்திராததை வீட்டில் ஞாயிறுதோறும் செய்து வந்திருக்கிறோம் என்பது அவரை உறங்கவிடவில்லை.

மறு ஞாயிறு அவர் ஆசிரியரிடம் வெறுங்கையுடன் போனார். படங்களில் இல்லாத மரங்கள் இருப்பதைச் சொன்னார். ஆசிரியர் முதலில் சிரித்தார். "மரங்களுக்காகத்தானே, தாதா? ஒன்றிரண்டு கூடினால் யார் எண்ணப் போகிறார்கள்?"

"வழக்கே எண்ணிக்கைதானே" என்றார் அவர். "நான் ஒட்டிய ஒரு மரத்தை எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால், நீங்கள் எண்ணிய அத்தனை மரங்களையும் ஒட்டியவை என்பார்கள்."

ஆசிரியர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். பிறகு வற்புறுத்தவில்லை.

இங்கே அந்த 'ஆம்' திரும்பி வருகிறது. 'மழை பெய்தது' என்று ஒருவர் சொன்னால் அதற்கு அவரே பொறுப்பு. 'மழை பெய்ததாம்' என்றால் அவர் பிறர் வாய்க் கேட்டதைச் சொல்கிறார்; பொறுப்பு கைமாறிவிடுகிறது. மொழியியலார் இதைச் சான்றுமூலம் காட்டும் கூறு என்பர். உலகின் சில மொழிகளில், கண்டறிந்ததா, கேட்டறிந்ததா, ஊகித்ததா என்று ஒவ்வொரு வினையிலும் குறித்தே ஆகவேண்டும். தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் குறிக்க விரும்புவோர்க்கு 'ஆம்' இருக்கிறது, 'போலும்' இருக்கிறது. வங்காளத்திலும் 'நாகி' என்னும் சிறுசொல் இப்பணியைச் செய்கிறது. ஒளிப்படத்துக்கு மட்டும் இப்படி ஓர் ஒட்டு இல்லை. ஒட்டிய மரமும் நின்ற மரமும் ஒரே உறுதியுடன், ஒரே வினைமுற்றில் நம்மிடம் பேசுகின்றன: 'இருந்தது.'

உலகப் புகழ் பெற்றவர்களும் இந்த இடத்தில் இடறியிருக்கிறார்கள். ஸ்டீவ் மெக்கரியின் க்யூபாத் தெருப்படம் ஒன்று 2016இல் இத்தாலியில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஒரு சாலைக் கம்பத்தின் துண்டு இடம் மாறி ஒட்டப்பட்டிருந்ததைப் பார்வையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அதன்பின் மெக்கரி தம்மைக் காட்சிவழிக் கதைசொல்லி என்று அழைத்துக்கொண்டார். அதை ஒரு தப்பித்தலாக மட்டும் கருத வேண்டியதில்லை. கதை சொல்வது இழிவன்று. இந்தப் படம் கதை என்று முன்னரே சொல்லியிருந்தால் குற்றமே இல்லை. சொல்லாமல் விட்ட அந்த ஓர் ஒட்டில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

அதற்கடுத்த குளிர்காலத்தில் அவர் வேறு விதமாக வேலை செய்தார். கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்துக்கொண்டார். ஒவ்வொரு மரத்தையும் சாலைக்கு நேர்குறுக்கே நின்று, கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் 50 மில்லிமீட்டரில், அருகிலுள்ள கிலோமீட்டர்க் கல்லோ கடையோ தெரியும்படி எடுத்தார். மூடுபனிக்காகக் காத்திருக்கவில்லை, உச்சிவெயிலிலும் எடுத்தார். கம்பிகள், தகடுகள், குப்பை, வெட்டிய அடிக்கட்டை எல்லாம் அப்படியே இருந்தன. மகளும் உடன் வந்து அடிமரச் சுற்றளவை அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். தூங்குமூஞ்சியின் தாயகம் நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் என்று அவள் சொன்னபோது, இத்தனை வங்காளியாக நிற்கும் மரம் வெளியூர்க்காரனா என்று அவர் வியந்தார். லேக் மார்க்கெட்டுக்காரர் அப்படி வியந்ததைக் கண்டு அவள் சிரித்தாள்.

அந்தப் படங்களை அவர் இணையத்தில் இட்டபோது, முன்பு நூற்றுக்கணக்கில் பாராட்டியவர்கள் ஏதும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், கேமரா பழுதாகிவிட்டதா என்று கேட்டிருந்தார்.

வழக்கு தன் வழியே நகர்ந்தது. ஒரு மரத்துக்கு ஐந்து கன்றுகள் நடவேண்டும் என்ற நிபந்தனையுடன் 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மரம் வெட்ட இசைந்தது. உச்ச நீதிமன்றம் 2020இல் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு மறு ஆண்டு அளித்த அறிக்கை, மரம் ஒன்றின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் எனக் கணக்கிட்டு, அதை மரத்தின் வயதால் பெருக்கச் சொன்னது. 300 மரங்களின் மதிப்பு ஏறக்குறைய 220 கோடி ரூபாய். கணக்கர் அந்தச் செய்தியை இருமுறை படித்தார். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேம்பாலப் பணிகளுக்காக மரம் வெட்ட அனுமதி அளித்தது. கடவுகளில் ஆம்புலன்சுகள் காத்துக் கிடப்பதும், மேம்பாலம் வேண்டுமென்று அந்த ஊர்களில் பலர் கேட்டதும் உண்மையே. ஆசிரியரின் கணக்கெடுப்போ கணக்கரின் படங்களோ எந்த நீதிமன்றத்தையும் எட்டவில்லை.

ஆயினும் அவை வீணாகவில்லை என்பதை வேறொரு நாள் உணர்த்தியது. 2020 மே 20 அன்று உம்பன் புயல் கொல்கத்தாவைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் சதர்ன் அவென்யூவில் நடந்தபோது, சிறுவயது முதல் பார்த்த இடங்களில் எங்கே எது நின்றது என்பதே அவருக்கு நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து, வெறுமனே எடுத்து வைத்திருந்த பழைய படங்களைத் திறந்தார். குப்பைத்தொட்டி, ரிக்‌ஷா, சுவரொட்டி, அவற்றுக்குப் பின்னால் மரம். அழகற்ற அந்தப் படங்களைப் பார்த்தே அவரால் தெருவைத் திரும்பக் கட்டிக்கொள்ள முடிந்தது.

மூடுபனிப் படங்களை அவர் கைவிட்டுவிடவில்லை. இன்றும் தை மாதத்தில் பொங்காவ் லோக்கலில் போகிறார், குந்துகிறார், காத்திருக்கிறார். மாலையில் கம்பிகளை நீக்குகிறார். 2023இல் ஃபோட்டோஷாப்பில் புகுந்த செயற்கை நுண்ணறிவுக் கருவி, இரண்டு சொல் தட்டினால் இல்லாத சாலையையே உண்டாக்கித் தருகிறது; அதையும் ஒருநாள் முயன்று பார்த்தார். ஆனால் வன்தட்டில் இப்போது இரண்டு கோப்புறைகள் உள்ளன. பெயர் வைத்தவள் மகள். ஒன்று 'இருந்தது'. மற்றது 'இருந்ததாம்'. ஒவ்வொரு படமும் முதலில் முன்னதற்குள் போகும், மாறாமல் அங்கேயே கிடக்கும். அதன் பிரதி ஒன்று பின்னதற்குள் சென்று அழகு பெறும். நீக்கியவையும் சேர்த்தவையும் படக்குறிப்பில் ஒரு வரியில் எழுதப்படும், பேரேட்டின் சுருக்கொப்பம்போல.

சென்ற குளிர்காலத்தில் ஹாப்ராவுக்கு அப்பால் ஒரு வளைவில், கூரை பிளந்து வானம் தெரியும் இடத்தில் அவர் நின்றார். அந்த வெளிச்சம் சாலைமேல் வெள்ளைத் திட்டாக விழுந்து படத்தைக் கெடுத்தது. சற்றுப் பின்னகர்ந்து 200 மில்லிமீட்டரில் பார்த்தால் அது மறைந்துவிடும். அவர் 50 மில்லிமீட்டரைப் பொருத்தி, குறுக்கே நின்று, அந்த இடைவெளியைச் சட்டகத்தின் நடுவில் வைத்து எடுத்தார். நேரம் காலை 7:40. படம் முதல் கோப்புறையில் இருக்கிறது. அதற்குப் பிரதி எடுக்கவில்லை.